முயலுக்குச் சீசன் திறந்தால் மான்குட்டிதான் முதலில் சாகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருப்பத்தூர் வட்டத்தில் மானாவாரியாகக் கடலை போடுகிறவன் நான். வயது 68. எங்கள் செம்மண் காட்டை ஒட்டி ஒரு கண்மாய், கண்மாய்க்கு அந்தப் பக்கம் காப்புக்காடு. பாதி தைலமரம், மீதி காரையும் சூரையும் கருவேலமும். அங்கே முயலும் புள்ளிமானும் கௌதாரியும் மயிலும் என் சின்ன வயதிலிருந்தே உண்டு.

கொஞ்ச நாளாக எங்கள் பக்கம் டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே பேச்சு. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கிற காட்டுப்பன்றியை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு முடிவெடுத்ததல்லவா, அதிலிருந்து கிளம்பியது. "பன்றிக்கு வழி பிறந்தாச்சு. அப்புறம் முயலுக்கு மட்டும் ஏன் தடை? சிவராத்திரி பாரிவேட்டை நம்ம பாட்டன் பூட்டன் வழக்கம். அமெரிக்காவில் வேட்டைக்குச் சீசன் போட்டு விடுகிறார்கள். அதே மாதிரி முயல், காடை, கௌதாரிக்கு ஒரு மாதம், கடலையைத் தின்கிற மானுக்கு ஒரு மாதம் என்று அரசு விட்டால் என்ன?" நன்றாகப் படித்த பிள்ளைகளே இப்படிக் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பதில் சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்று நினைக்கிறேன். நான் வேட்டைக்குப் போனவன். மானுக்கு வெள்ளாமையைப் பறிகொடுத்தவன்.

என் அப்பா கன்னி இனத்து வேட்டை நாய் இரண்டு வைத்திருந்தார். சிவராத்திரிக்கு மறுநாள் விடியக் கருக்கலில் ஊர்ப் பொதுவிடமான மந்தையில் தப்புப் பறை அடிப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள், நாய் இருந்தால் நாயோடு. பெரியவர்கள் கையில் கம்பு. ஒன்றிரண்டு வீட்டில், வளைந்த எறி ஆயுதமான வளரிகூட இருந்தது. மருது பாண்டியர் காலத்து ஆயுதம் என்று சாமி அறையில் வைத்துக் கும்பிடுவார்கள். புதர் ஓரமாக வலையைக் கட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து சத்தம் போட்டுக் கலைத்து வருவோம். விழுந்த முயலை மந்தையில் வைத்துக் கூறு போடுவார்கள். அடித்தவனுக்கு ஒரு கூறு, நாய்க்காரனுக்கு ஒரு கூறு, ஆள் இல்லாத விதவை வீட்டுக்கும் ஒரு கூறு. அந்த ஒழுங்கை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். எங்கள் ஊரில் சாதி பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து நின்ற நாள் அது ஒன்றுதான்.

எனக்கு 16, 17 வயது இருக்கும். எங்கள் வெள்ளை நாய் ஒரு சூரம்புதருக்குள் தலையை விட்டது. உள்ளே முயல் என்றால் புதர் ஒரு தடவை அதிரும், அடுத்த நொடி மறுபக்கம் மண் தெறிக்கும். அன்றைக்குப் புதர் அதிரவே இல்லை. நாய் வெளியே வந்தபோது வாயில் மான்குட்டி. பிறந்து இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். முதுகுப் புள்ளி நொய்யரிசியைத் தூவினது போல இருந்தது. காலைத் தொட்டுப் பார்த்தேன், குளம்பு நுனி இன்னும் வெளுத்து மெத்தென்று இருந்தது. தாய்மான் மேயப் போகும்போது குட்டியை இப்படிப் புதரில் படுக்கவைத்துவிட்டுத்தான் போகும். யார் வந்தாலும் குட்டி அசையாது. அசையாமல் கிடப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த தற்காப்பு. புதர் புதராக மோப்பம் பிடித்து வருகிற இருபது முப்பது நாய்களிடம் அது எடுபடாது. அப்பா அந்தக் குட்டியைக் கூறில் சேர்க்கவில்லை. வரப்போரம் குழி தோண்டி வைத்தார். சாயங்காலம் முழுக்க அந்தப் புதர்ப் பக்கம் தாய்மான் கத்திக்கொண்டே இருந்தது. நான் அதோடு வேட்டையை விட்டுவிட்டேன் என்று சொன்னால் பொய். இன்னும் எட்டுப் பத்து வருடம் போனேன். அந்தக் குளம்பு மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

சீசன் கேட்கிறவர்களுக்கு நான் சொல்ல வருவது இந்த இடத்தில்தான் இருக்கிறது. என் மகள் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறாள். ஓர் ஆண்டு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அவள் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்காரர். எனக்கும் பழைய ஆசை, அவரிடம் உட்கார்ந்து மகள் மூலமாக எல்லாம் கேட்டேன். அங்கே முயலுக்கு இலையுதிர் காலத்தில் சீசன் ஆரம்பிக்கிறது. நவம்பர் கடைசியில் துப்பாக்கியால் மான் சுடும் நாட்கள் வந்ததும் முயல் சீசனை நிறுத்திவிடுகிறார்கள். மான் சீசன் முடிந்த பிறகு மறுபடி முயலுக்குத் திறக்கிறார்கள். ஒரே காட்டில் ஒருவன் மானுக்குக் காத்திருக்க, இன்னொருவன் நாயை விட்டு முயலைக் கலைத்தால் இரண்டு பேருக்கும் ஆபத்து, சண்டையும் வரும். துப்பாக்கியால் மான் சுடும் நாட்களில் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு நிற மேலாடை போடாமல் வேட்டைக்குப் போகக்கூடாது. மான் அடித்தால் 10 நாளுக்குள் கணக்குச் சொல்ல வேண்டும். கொம்புள்ள மானுக்கு ஓர் அனுமதி, கொம்பில்லாததற்குத் தனி அனுமதி. இந்தக் கணக்கெல்லாம் சேர்ந்துதான் அடுத்த வருடம் எத்தனை அனுமதி என்று முடிவாகிறது. அனுமதிக் கட்டணமும், 1937இல் போட்ட சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது வாங்குகிற வரியும் காட்டுயிர் வேலைக்கே செலவாகிறது. ஒரு காலத்தில் அந்த மாநிலத்திலேயே மான் அற்றுப்போகும் நிலைக்கு வந்து, வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வந்த ஒழுங்கு அது.

எல்லாவற்றையும் விட எனக்கு உறைத்தது வேறு. அந்த ஊர் வெண்வால் மான் குட்டி போடுவது பெரும்பாலும் மே, ஜூனில். நவம்பரில் சீசன் வரும்போது குட்டி தாயோடு ஓடுகிற அளவுக்கு வளர்ந்திருக்கும். அதனால்தான் அங்கே 'இந்த மாதம் திறப்பு, இந்த மாதம் அடைப்பு' என்று கோடு கிழிக்க முடிகிறது. நம் புள்ளிமானுக்கு அப்படிக் கறாரான பருவம் கிடையாது. வருடத்தில் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு புதரில் ஒரு குட்டி கிடக்கும். நம் முயலும் அப்படித்தான். மாசி மாதத்தில் வயிற்றில் குட்டியோடு வலையில் விழுந்த முயலை நானே பார்த்திருக்கிறேன். எந்த மாதத்தைத் திறப்பீர்கள்? முயலுக்கு என்று திறந்தாலும் நாய் நுழைகிற புதர் ஒன்றுதானே?

இந்தச் சீசன், அனுமதி எல்லாம் நமக்கும் புதிது கிடையாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அதிலேயே வேட்டை அனுமதிக்கு இடம் இருந்தது. முயல், காடை, கௌதாரி சிறு வேட்டைப் பட்டியலில். புள்ளிமான் பெரு வேட்டைப் பட்டியலில். 1991இல் திருத்தம் கொண்டுவந்து அந்த அனுமதி முறையையே எடுத்துவிட்டார்கள். நல்ல முடிவு என்பதே என் எண்ணம். இன்றைக்கு முயலோ மானோ, பிடித்தால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. இப்போது வேட்டைக்குப் போகிறவர்கள் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிறார்கள், சிலர் நாட்டுத்துப்பாக்கியோடு. விதவை வீட்டுக்குக் கூறு கொடுத்த வேட்டைக்கும் கறி விற்கப் போகிற இந்த வேட்டைக்கும் சம்பந்தமே இல்லை. தடை இருக்கட்டும்.

ஆனால் தடை போட்டதோடு அரசின் வேலை முடிந்துவிட்டதா? என் சங்கடம் அதில்தான்.

எங்கள் ஊருக்கு அதிகாரிகள் வருவது வருடத்துக்கு ஒரு நாள், சிவராத்திரியை ஒட்டி. வலையோடு பையன்களைப் பிடிப்பார்கள், செத்த முயலை முன்னால் வைத்துப் படம் எடுப்பார்கள், அபராதம் போடுவார்கள். போன முறை பிடிபட்ட பையனின் அப்பா எனக்கு அடுத்த காட்டுக்காரர். மான் மேய்ந்து கடலை போனதற்கு நிவாரணம் கேட்டு அவர் ஒரு மனு கொடுத்தார், நானும் ஒன்று கொடுத்தேன். அந்த அலுவலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். முதல் தடவை சர்வே எண் கேட்டார்கள், இரண்டாம் தடவை போட்டோ கேட்டார்கள், மூன்றாம் தடவை அந்த இருக்கையில் ஆளே மாறியிருந்தது. மான் கடலைச் செடியைப் பிடுங்காது. கொழுந்தை மட்டும் கத்தரித்ததுபோல நுனி நுனியாகக் கடித்துக்கொண்டே போகும். தூரத்திலிருந்து பார்த்தால் கடலைக்காடு பச்சையாகத்தான் தெரியும். போட்டோவில் என்ன விழும்? பிடுங்கிப் பார்க்கும்போதுதான் தெரியும், இருபது காய் இருக்க வேண்டிய வேரில் ஐந்தாறு சூம்பிப் போய்த் தொங்கும். இரண்டு வருடமாகப் பதில் இல்லை. மகன் பிடித்த முயலுக்கு ஒரே நாளில் கணக்கு முடிந்தது, அப்பா இழந்த கடலைக்கு இன்னும் முடியவில்லை. அந்த வீட்டில் போய் "மானைக் காப்பாற்றுவோம்" என்று நான் எந்த முகத்தோடு பேசுவேன்?

பயிர் நஷ்டத்தைச் சட்டமே யோசித்திருக்கிறது. உயிருக்கோ, நிற்கிற பயிருக்கோ ஆபத்தாகிவிட்ட விலங்கின் மேல் அதிகாரி உத்தரவோடு நடவடிக்கை எடுக்க 11ஆம் பிரிவில் வழி இருக்கிறது. எங்கள் மான் அந்தக் கட்டத்துக்குப் போக வேண்டாம் என்றுதான் நான் வேண்டிக்கொள்கிறேன். பங்குனி, சித்திரையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றியதும் மான் ஊருணியைத் தேடி வருகிறது. வருகிற வழியில் தெருநாய் கடிக்கிறது, இல்லையென்றால் ரோட்டில் வண்டி அடிக்கிறது, இல்லையென்றால் சுவர் இல்லாத கிணற்றில் விழுகிறது. காட்டுக்குள் நாலு தொட்டி கட்டி லாரியில் தண்ணீர் ஊற்றினால் பாதி மான் ஊருக்குள் வராது. பயிர் நஷ்டத்தை கிராம நிர்வாக அலுவலரே வந்து, செடியைப் பிடுங்கிப் பார்த்து, ஒரு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பாதிக் கோபம் இறங்கும். கோபம் கூடினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். யாராவது திருட்டு மின்வேலி போடுவார்கள். அதில் மானும் சாகும், விடிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதனும் சாவான்.

அப்புறம், எண்ண வேண்டும். பறவை கணக்கெடுப்புக்கு எங்கள் கண்மாய்க்கு ஆட்கள் வந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், கழுத்தில் தூரக்கண்ணாடி. நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். அதேபோல முயலையும் மானையும் எங்கள் காட்டில் யாரும் எண்ணி நான் பார்த்ததில்லை. புழுக்கையைப் பார்த்தே சொல்லலாம். முயல் புழுக்கை உருண்டை, லேசாகத் தட்டினாற்போல இருக்கும். மான் புழுக்கை கொஞ்சம் நீளம், ஒரு முனை கூராக இருக்கும். எந்தப் புதரில் எது அதிகம் என்று காட்ட எங்கள் ஊரில் என் வயதுக்காரர்கள் நாலைந்து பேர் இன்னும் இருக்கிறோம். எங்களோடு அந்த விவரமும் போய்விடும். எண்ணிக்கையே தெரியாமல் 'மான் பெருத்துவிட்டது' என்று நாங்கள் சொல்வதும் தப்பு, 'மான் குறைந்துவிட்டது' என்று அதிகாரிகள் சொல்வதும் தப்பு.

சிவராத்திரி வேட்டை விஷயத்துக்கு வருகிறேன். மாசியில் வந்து பிடிப்பதற்குப் பதிலாகத் தை மாதமே வந்து பேசுங்கள் என்று வனத்துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பேசினால் ஊர் கேட்கும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது. மதுரைச் சாலையில் வேட்டங்குடி. பெயரைச் சொன்னால் வேட்டைதான் காதில் விழும். ஆனால் 1977இல் பறவைகள் சரணாலயமான இடம் அது. அதைச் சுற்றியிருக்கிற கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் கண்மாயில் கூடு கட்டியிருக்கிற பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. வனத்துறை அவர்களுக்கு இனிப்புக் கொடுத்து மரியாதை செய்கிறது. புதுத்துணி போட்ட சின்னப்பிள்ளை ஓலைவெடிகூட இல்லாமல் தீபாவளி கொண்டாடுகிறதே, அதை எந்த அபராதத்தால் சாதிக்க முடியும்?

பாரிவேட்டையும் அப்படி மாறலாம். நமக்கு அது அந்நியமான வழி கிடையாது. காரைக்குடி மகர்நோன்புப் பொட்டலில் விஜயதசமிக்கு என்ன நடக்கிறது? சாமி புறப்பட்டு வந்து அம்பு போடுகிறது, கூட்டம் ஆரவாரம் செய்கிறது, ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. அது வேட்டை இல்லை என்று யாராவது சொல்வார்களா? தப்பு அடிக்கட்டும், மந்தையில் எல்லோரும் கூடட்டும், வளரி எறிகிறவர்கள் நட்டு வைத்த வாழைக்கு எறியட்டும், நாய்களைக் கயிற்றில் பிடித்துக் கொண்டுவரட்டும். ஆட்டுக்கறி வாங்கி, பழையபடி ஆள் இல்லாத விதவை வீடுகளுக்கும் சேர்த்துக் கூறு போடுவோம். இதை ஊர்ப் பெரியவர்களும் அதிகாரிகளும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசி முடிக்க வேண்டும். ஜீப்பில் நின்று மைக்கில் சொன்னால் எடுபடாது.

என் அப்பா கட்டிய முயல் வலை இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. கையால் முடிந்த சணல் வலை, ஓரம் எலி கடித்திருக்கிறது. தை மாதம் அப்படி ஒரு கூட்டம் போட்டால் அதை முதலில் கொண்டுவந்து வைப்பவன் நானாக இருப்பேன். இரண்டு வருடத்துக்கு முன் கொடுத்த மனுவின் நகலும் அதோடு கையில் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கடலை விவசாயி,
திருப்பத்தூர் வட்டம், சிவகங்கை மாவட்டம்.