தூய்மைப் பணியாளருக்குக் கைதட்டல் மட்டும் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் உயிரைக் காப்பவர்கள் என்றதும் மருத்துவரும் தீயணைப்பு வீரரும் நினைவுக்கு வருகிறார்களே தவிர, குப்பை அள்ளுவோரும் சாக்கடை அடைப்பு எடுப்போரும் நினைவுக்கு வருவதில்லை. 1840-க்குப் பிறகு ஏற்பட்ட மருத்துவ முன்னேற்றங்களில் தலையாயது எது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2007-இல் வாசகர்களிடம் கேட்டபோது, ஆன்டிபயாட்டிக்குகளையும் தடுப்பூசிகளையும் முந்திக்கொண்டு முதலிடம் பெற்றவை தூய குடிநீரும் கழிவகற்றலும்தான். காலராவும் டைஃபாய்டும் நம் வீட்டுப் படியேறாமல் நிற்பதற்கு, விடியுமுன் தெருவில் இறங்கும் இவர்களும் காரணம்.

இவ்வளவு பெரிய பொறுப்பைச் சுமப்பவர்களில் பலர் ஒப்பந்தக்காரரின் கீழ், ஒரு நாள் காய்ச்சலில் படுத்தாலும் அன்றைய கூலியை இழக்கும் நிலையில்தான் வேலை செய்கிறார்கள். ஆபத்தோ கொஞ்சமல்ல. சாக்கடைக் குழிகளில் தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் நச்சு வாயு முதலில் அழுகிய முட்டையைப் போல நாறும். செறிவு கூடினால் நுகரும் உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கும் நேரத்திலேயே உயிர் போய்விடக்கூடும். குழிக்குள் மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே மாண்டுபோகும் கொடுமையை என்னவென்று சொல்வது! குப்பைப் பையைப் பிடித்துத் தூக்கும் கையில் உடைந்த கண்ணாடியோ பயன்படுத்திய ஊசியோ குத்துவதும் உண்டு. அந்த ஒரு குத்தில் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய் தொற்றலாம்.

2020-இல் பெருந்தொற்று பரவியபோது இவர்களுக்கும் சேர்த்துத்தான் கை தட்டினோம். அந்த நன்றியுணர்வு உண்மையானது என்றே நம்புகிறேன். ஆனால் அது நிரந்தர வேலையாகவும், குடும்பம் நடத்தப் போதுமான ஊதியமாகவும், சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பாகவும் மாறியிருக்க வேண்டும். சாக்கடைக் குழியில் மனிதர் இறங்க வேண்டிய தேவையே இல்லாதபடி இயந்திரங்கள் வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை வேலை கொடுப்பவரே தம் செலவில் போட வேண்டும். கண்ணாடித் துண்டுகளைத் தனியே பொதிந்து, அடையாளமிட்டுக் கொடுப்பது நம் வேலை; அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். இவர்களில் ஒருவர் பணியில் இறந்தால் அது ஒரு பத்திச் செய்தியோடு முடிந்துவிடாமல், அவரை இறக்கியது யார், இழப்பீடு குடும்பத்தின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து விசாரித்து வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்