மீதி நாலு எபிசோட்

சங்கரன்கோவில்,
திங்கள் காலை

அன்புள்ள கோமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் மட்டும் மாறிக்கொண்டிருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகியதைச் சரி பண்ணியாயிற்று. பெரியத்தை வீட்டு விஷயம் கேட்டிருந்தாய். நாம் பயந்தபடியேதான் முடிந்தது. அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம், போனில் பேசிக்கொள்வோம்.

போன் பேசிப் பத்தொன்பது நாளாகிறது. நான் எண்ணவில்லை, காலண்டரில் இருக்கிறது.

வேலையாக இருப்பாள் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "ஆமா" என்றாள். அவள் அந்த மாதிரி "ஆமா" சொன்னால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும்.

ராத்திரியில் கார் ஓட்டாதே. சரியாகத் தூங்காதவர்கள் ஸ்டியரிங் தொடக் கூடாது. முப்பத்தொரு வருஷம் டெப்போவில் இருந்தவன் சொல்கிறேன்.

பொழுது போகாமல் இப்போது உங்கள் ஊர் டி.வி. சங்கதிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சும்மாதான். சேகர் மகன் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுக்கிறான், நான் பழைய டைரியில் குறித்து வைக்கிறேன். 1982-இல் 'சியர்ஸ்' என்று ஒரு தொடர் வந்திருக்கிறது. பாஸ்டனில் ஒரு மதுக்கடை, நாலு பேர் உட்கார்ந்து பேசுவார்கள், அவ்வளவுதான். உனக்குத் தெரியாததா? முதல் எபிசோடுக்கு ரேட்டிங்கில் 77 நிகழ்ச்சிகளில் 74-ஆவது இடம். அதைக் காட்டிய என்.பி.சி. சேனல் அப்போது மூன்று நெட்வொர்க்குகளில் கடைசி. அந்த நேரத்தில் போட அவர்களிடம் வேறு சரக்கு இல்லை, அதனால் விட்டுவைத்தார்கள். அது 1993 வரை, 11 சீசன் ஓடியது. இதைப் பொறுமை என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்பேர் பஸ் இல்லாத டெப்போவில் ஓட்டை பஸ்ஸும் ரூட்டில் போகத்தான் செய்யும்.

'சைன்ஃபெல்ட்' கதை இன்னும் வேடிக்கை. 1989 ஜூலையில் முதலில் ஒன்றே ஒன்று காட்டினார்கள். அதற்கு முன்பே ஆட்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டியதில், தேறாது என்று சொல்லிவிட்டார்கள். ரிக் லட்வின் என்று ஒரு அதிகாரி, நாடகத் தொடர்களுக்குப் பொறுப்பே இல்லாதவர், சிறப்பு நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பாப் ஹோப் என்கிற சிரிப்பு நடிகரின் நிகழ்ச்சி ஒன்றுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து நாலு எபிசோடுக்குக் கொடுத்தாராம். நாலே நாலு! அது 1998 வரை போனது. எவனோ ஒருவன் தன் பாக்கெட்டில் இல்லாத காசை எடுத்து டிக்கெட் போட்டிருக்கிறான்.

இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன்? நீ இதிலேயே இருக்கிறவள். எனக்குப் புதிது, அதனால் எழுதுகிறேன்.

'ஃபயர்ஃப்ளை' என்கிற விண்வெளிக் கப்பல் தொடரைப் பற்றிப் படித்துவிட்டுத்தான் ஒரு ராத்திரி தூக்கம் கெட்டது. 2002 செப்டம்பரில் ஃபாக்ஸ் சேனலில் ஆரம்பித்தார்கள், வெள்ளிக்கிழமை ராத்திரி. உங்கள் ஊரில் வெள்ளி ராத்திரி வீட்டில் யார் இருப்பார்கள்? யார் யார், எதற்கு அந்தக் கப்பலில் ஏறினார்கள் என்று சொல்கிற இரண்டு மணி நேர முதல் கதை இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதாக வர வேண்டியதை முதலில் போட்டார்கள். நடுவில் பேஸ்பால் வந்தால் அந்த வாரம் கிடையாது. 14 எடுத்ததில் 11-தான் காட்டினார்கள். அந்த முதல் கதையைக் கடைசியாக, டிசம்பர் 20-ஆம் தேதி, நிறுத்துவது என்று முடிவு பண்ணிய பிறகு போட்டார்கள். அடுத்த வருஷம் டிவிடி வந்ததும் ஜனங்கள் வாங்கித் தீர்த்திருக்கிறார்கள். 2005-இல் சினிமாவாகவே எடுத்தார்கள். அத்தனை ஜனமும் முதலிலிருந்தே எங்கேயோ இருந்திருக்கிறது. எங்கே, எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

படிக்கப் படிக்க எனக்கு அந்த 5.40 ட்ரிப் ஞாபகம் வந்துவிட்டது. உனக்குத் தெரியும் அந்தக் கதை.

ஆனாலும் எழுதுகிறேன், எழுதினால்தான் எனக்கு இறங்கும். புது ரூட் விட்ட அன்று டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு, பிரசிடெண்ட் கொடியசைத்தார். அந்தப் பக்கத்துப் பிச்சிப்பூ, மல்லிகைப்பூ முழுக்க நம்ம ஊர் மார்க்கெட்டுக்குத்தான் வரும், பெண்கள்தான் சுமந்து வருவார்கள். 5.40-க்கு அங்கே பறிப்பே முடிந்திருக்காது. 6.30-க்கு விட்டிருந்தால் போதும். இதை ஒரு கிழவி என்னிடம் வந்து சொன்னாள், நானும் கேட்டுக்கொண்டேன். பிறகு வண்டியைத் திருவிழா ஸ்பெஷலுக்கு எடுத்தார்கள். பிறகு 8.15-க்கு மாற்றினார்கள், அதற்குள் மார்க்கெட்டில் ஏலமே முடிந்துவிடும். இரண்டு தடவை காத்திருந்து ஏமாந்தவள் மூன்றாம் தடவை எதற்கு வந்து நிற்பாள்? பதினோராவது வாரம் மேலிடத்திலிருந்து ரிப்போர்ட் கேட்டார்கள். 'பொதுமக்களிடையே போதிய வரவேற்பு இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்து, என் பேனா. அடுத்த வருஷமே ஒரு மினி பஸ்காரர் அதே ரோட்டில் 6.30-க்கு விட்டார். கூரை மேலெல்லாம் பூக்கூடை.

சரி, அது போகட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. கார் விஷயம் மேலே எழுதியிருக்கிறேன்.

2023-இல் நீங்கள் எழுத்தாளர்கள் எல்லாரும் 148 நாள் ஸ்டிரைக் பண்ணினீர்களே, அப்போது அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நீ நிற்கிற போட்டோ இன்னமும் என் போனில் இருக்கிறது. டீக்கடையில் எத்தனை பேரிடம் காட்டினேன் என்று கணக்கில்லை. நானும் தொழிற்சங்கத்தில் உண்டியல் குலுக்கியவன்தான், ஆனால் தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டதில்லை. "அமெரிக்காவில் போய் இதுக்கா நிக்கா?" என்று உன் மாமா கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலை அம்மாவிடம் கேட்டுக்கொள். அதற்காக அந்த ஐந்து மாதமும் வாடகைக்கு என்ன செய்தாய் என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது சரியென்று ஆகிவிடாது. கேட்டால் "இருக்குப்பா" என்பாய். எது இருக்கிறது? இப்போதும் அப்படித்தான் "இருக்குப்பா" என்று உட்கார்ந்திருக்கிறாயா?

நியூஜெர்சி குமார் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதே, நான்தான் தோண்டிக் கேட்டேன். பத்து எடுத்து ஆறோடு நிறுத்திவிட்டார்கள் என்றான். செவ்வாய்க்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றினார்கள் என்றும் சொன்னான். சனிக்கிழமை என்றதுமே எனக்கு 8.15 கண்ணில் பட்டது.

எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் சியர்ஸும் சைன்ஃபெல்டும் எழுதிக்கொண்டு வந்தேன். 1969-இல் 'டர்ன்-ஆன்' என்று ஒரு நிகழ்ச்சியை கிளீவ்லாண்டில் முதல் நாளே, முதல் விளம்பர இடைவேளையோடு தூக்கிவிட்டார்களாம். அதற்கு ஆறு எவ்வளவோ மேல் என்று வேடிக்கையாக எழுதலாம் என்று வைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

கோமு, நீ கடைசியாகப் பேசிய அன்று கேட்டாயே, "நாலாவது எபிசோட் பாத்தீங்களாப்பா?" என்று. "பாத்தேம்மா, ரொம்ப நல்லாயிருந்துச்சு" என்றேன். "எந்த சீன்ப்பா?" என்றாய். "எல்லாமேதான்" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் "சரிப்பா, தூங்குங்க" என்று வைத்துவிட்டாய். இங்கே அப்போது காலை பத்து மணி.

நான் பார்க்கவில்லை. நாலாவது மட்டுமில்லை, ஒன்றுமே பார்க்கவில்லை. முதல் எபிசோட் அன்று அண்ணனுடைய மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். எங்க கோமதி எழுதினது என்று பெருமையாகப் போட்டேன். பத்து நிமிஷத்தில் அந்தப் பையனும் பொண்ணும் சமையலறையில் நிற்கிற காட்சி வந்தது. ரிமோட்டைத் தேடினேன் பார், தலையணைக்கு அடியில் கிடந்தது. நிறுத்திவிட்டுக் காப்பி சாப்பிடலாம் என்று எழுந்தேன். அதற்கப்புறம் போடவே இல்லை. நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே போனது. உன்னிடம் மட்டும் வாராவாரம் நல்லாயிருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதைவிட ஒன்று இருக்கிறது. நிறுத்திவிட்டார்கள் என்று குமார் சொன்னதும் எனக்கு முதலில் வருத்தம் வரவில்லை. 'அப்பாடா, இனிமே ஊருக்கு வந்துருவா' என்றுதான் மனசு சொன்னது. அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

அம்மா ஆறையும் பார்த்திருக்கிறாள். மத்தியானம் நான் கண்ணயர்ந்த பிறகு, சேகர் மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவன் அர்த்தம் சொல்லச் சொல்லப் பார்த்திருக்கிறாள். எட்டாம் வகுப்பு படித்தவள்! இங்கிலீஷ் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவன் நான். "நாலாவதை நீங்க பாத்திருக்கணும்" என்று போன வாரம் சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

முந்தாநாள் ராத்திரி உட்கார்ந்தேன். விடிய மூன்றரை மணிக்கு ஆறும் முடிந்தது.

அந்தக் கிழவர் தினமும் பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்து நோட்டில் டைம் எழுதுகிறாரே, அதைப் பார்த்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ரிட்டயர் ஆனவர், ஒருவரும் கேட்காத கணக்கு. நாலாவதில் அவர் அந்தப் பையனிடம் சொல்கிறார், ராத்திரியில் ஆபீஸ் கூட்டிவிட்டு வருகிற பெண்களுக்கான பஸ்ஸை நான்தான் நிறுத்தினேன், யாரும் ஏறவில்லை என்று எழுதிக் கொடுத்தேன் என்று. நீ ஒன்பதாவது படிக்கும்போது, கரண்ட் போன ஒரு ராத்திரி, மொட்டை மாடியில் ஒரே ஒரு தடவை சொன்னேன். நீ தூங்கிவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தப்பு இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியாது. லேட்டான வண்டிக்கு சிவப்பு மைதான், அவர் எல்லாவற்றையும் நீலத்தில் எழுதுகிறார். இன்னொன்று, டைம் கீப்பராக இருந்தவன் வண்டி வந்த பிறகு வாட்சைப் பார்க்க மாட்டான், வருகிறதுக்கு முன்னாலேயே பார்த்திருப்பான். மற்றபடி அவர் தோளை ஒரு பக்கம் சாய்த்து உட்காருவது வரைக்கும் சரி. யார் சொல்லிக் கொடுத்தது அவருக்கு? நீதானே?

பணம் வேண்டுமானால் எழுது. வெட்கப்படாதே. ஃபிக்ஸட் டெபாசிட் ஒன்று வருகிற மாதம் முடிகிறது. ஊருக்கு வா என்று எழுத மாட்டேன். வந்தால் வா, உன் அறையில் அரிசி மூட்டை இருக்கிறது, எடுத்துவிடுவேன். ராத்திரியில் கார் ஓட்டாதே. மூன்றாவது தடவை என்று தெரியும்.

ஆறாவதின் கடைசியில் அந்தக் கிழவர் நோட்டை பெஞ்சிலேயே வைத்துவிட்டு, மகளிடம் சொல்லாமல் ஒரு பஸ்ஸில் ஏறுகிறார். கதவு மூடுகிறது, அதோடு நிற்கிறது. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு நாளாக இதே பேச்சுதான். மகள் வேலை பார்க்கிற இடத்துக்குத்தான் போகிறார் என்கிறாள் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை, அந்த ரூட் அந்தப் பக்கம் போகாது. மீதி நாலு உன்னிடம் இருக்கிறதா? அனுப்பக் கூடாது என்றால் வேண்டாம், வாயால் சொன்னால் போதும். அவர் எங்கே இறங்கினார்?

காலை பத்து மணிக்கு நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அப்பா