காரத்தன்மையையும் பலகையில் எழுதுங்கள்: புதுச்சேரி, கடலூர் நீச்சல்குள நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நான் வேதியியல் ஆசிரியை. பிள்ளைகளை உங்கள் குளங்களுக்கு அழைத்து வரும் தாயும்கூட. குளத்தோரப் பலகையில் குளோரின் அளவையும், நீரின் அமில நிலையைக் காட்டும் பி.எச். அளவையும் எழுதுகிறீர்கள். காரத்தன்மையையும் எழுதுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்தான் பெரும்பாலும் இந்தக் காரத்தன்மையைத் தருகிறது. அமிலம் சேரும்போது பி.எச். சட்டென்று சரியாமல் காப்பது அதுவே. லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. குறைந்தால் காலையில் சரியாக இருந்த பி.எச். மாலைக்குள் மாறிவிடும், கண் எரியும், ஏணி அரித்துப்போகும். கூடினாலோ பி.எச். ஏறிக்கொண்டே போகும். பி.எச். 7.5-இல் ஏறக்குறைய பாதிக் குளோரின் கிருமிகளை வேகமாகக் கொல்லும் வடிவத்தில் இருக்கிறது. 8-இல் கால் பங்குதான். பலகையில் எழுதும் குளோரின் அளவு இதைக் காட்டாது.

நம் கடலோர ஊர்களில் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். கோடையில் ஆவியாகும் நீருக்கு ஈடாக ஆழ்துளைக் கிணற்று நீரை விடுகிறோம். அதன் உப்புகள் குளத்திலேயே தங்கி, காரத்தன்மை கூடிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். மழைநீரில் காரத்தன்மை இல்லை என்றே சொல்லலாம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கொட்டியதுபோல் கொட்டினால் குளத்து நீர் நீர்த்துப்போய்க் காரத்தன்மை குறையும். அதன்பின் கலங்கல் தெளியப் படிகாரம் போடுகிறீர்கள். படிகாரம் திரண்டு அழுக்கைப் பிடிக்கவே காரத்தன்மை வேண்டும். மிச்சமிருப்பதையும் அது எடுத்துக்கொள்ளும். தெளியவில்லையே என்று மேலும் படிகாரம் கொட்டுவது வீண். முதலில் காரத்தன்மையைச் சோதியுங்கள்.

ஒரு லட்சம் லிட்டர் குளத்தில் காரத்தன்மையை லிட்டருக்கு 10 மில்லிகிராம் உயர்த்த ஏறக்குறைய 1.7 கிலோ ஆப்பசோடா போதும். சலவைச் சோடா பி.எச்.-ஐ வெகுவாக ஏற்றிவிடும்; அது வேண்டாம். குறைக்க ஆசிட்தான் வழி. சிறுகச் சிறுக ஊற்றி, நீர் சுழன்று கலந்தபின் மீண்டும் சோதிக்க வேண்டும். பி.எச். அதிகம் இறங்கிவிட்டால் நீரூற்றை ஓடவிடுங்கள். கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மை மாறாமல் பி.எச். மட்டும் ஏறும்.

இந்த வேலையைச் செய்யும் ஊழியருக்குக் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம் கொடுங்கள். ஆசிட் கேனையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

சொட்டுச் சொட்டாக விட்டு நிறமாற்றத்தைப் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, அவருக்குப் பயிற்சியும் தாருங்கள். வாரம் ஒருமுறை சோதித்தால் போதும். பெருமழை பெய்தால் மறுநாளே.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
புதுச்சேரி