வேலை போனவர் எந்தக் கணக்கில் வருகிறார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தாலும் வேலையில்லாதோர் விகிதம் பெரிதாக ஏறவில்லை, அது ஓர் ஆறுதல் என்று கடந்த வாரத் தலையங்கத்தில் எழுதியிருந்தீர்கள். 19 வருடம் ஒரே தொழிற்சாலையில் லேத் ஓட்டிவிட்டு, நான்கு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். அந்த ஆறுதலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த விகிதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதை வேலை போன பிறகுதான் தேடிப் படித்தேன். பெரும்பாலான நாடுகள் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறையைப் பின்பற்றுகின்றன. அதன்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். சும்மா இருப்பவர்கள் எல்லோரும் வேலையில்லாதவர் பட்டியலில் வந்துவிடுவதும் இல்லை. வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும், கிடைத்தால் சேரத் தயாராகவும் இருக்க வேண்டும். தேடி அலுத்துப்போய் நிறுத்திவிட்டால் அந்தப் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். போன மாதம் தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார் என்று இரண்டு நாள் மூட்டை ஏற்றப் போனேன். அந்த வாரம் யாராவது வந்து கணக்கெடுத்திருந்தால் நான் வேலையில் இருப்பவன். எனக்கு அடுத்த மெஷினில் கிரைண்டிங் பார்த்த நண்பர், ஏறி இறங்கிய இடமெல்லாம் வயதைக் காட்டி அனுப்பிவிட்டதால் தேடுவதையே விட்டுவிட்டார். அவர் உழைப்பாளர் எண்ணிக்கைக்கே வெளியே. ஒரே நாள் காலையில் வேலை இழந்த இரண்டு பேர், இரண்டு பேருமே வேலையில்லாதவர் இல்லை!

இப்படிக் கணக்கிடுவதற்குப் புள்ளிவிவரத் துறைக்கு ஒரு காரணம் இருக்கிறது. நாட்டின் உற்பத்தியில் ஒவ்வொரு மணி நேர உழைப்பும் சேருவதால், உழைப்பின் கணக்கும் அதோடு பொருந்திவர வேண்டும் என்கிறார்கள். சரி, அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்த ஒற்றை எண்ணை மேடையில் தூக்கிப் பிடித்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பேசுகிறவர்களிடம்தான் எனக்குக் கோபம்.

தொழிற்சாலைக்குள் இருப்பவனுக்குச் சரிவு எப்போதோ தெரிந்துவிடும். எங்களுக்கு முதலில் ஓவர்டைம் நின்றது. அப்புறம் இரவு ஷிப்ட் நின்றது. கான்ட்ராக்டில் வந்துகொண்டிருந்த பையன்கள் ஒரு திங்கட்கிழமை வரவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு வாரம் நான்கு நாள் வந்தால் போதும் என்றார்கள். சம்பளம் குறைந்துகொண்டே போனது. அதுவரை எங்களைப் போன்றவர்கள் எல்லாக் கணக்கிலும் வேலையில்தான் இருந்தோம்.

கடைசி நாள் காலை, வாசலில் உள்ள கைரேகை மெஷின் என் விரலை எடுக்கவில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் அடிக்கடி அப்படி ஆகும். பேன்ட்டில் துடைத்துத் துடைத்து மூன்று முறை வைத்தேன். மூன்று முறையும் சிவப்பு விளக்கு. பின்னால் நின்றவருக்கும் சிவப்பு. செக்யூரிட்டி என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கவரை நீட்டினார். உள்ளே இருந்த என் டூல் பாக்ஸை அவரே போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். என் சொந்தக் காசில் வாங்கிய வெர்னியர் காலிப்பர் அதில் இருந்தது. அதை இன்னும் வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து வைக்கிறேன். எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்று ஒரு சிற்றூர். அங்கிருந்த நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்டு, ஊரே வேலை இழந்தது. ஆய்வாளர்கள் போய்த் தங்கி, அந்த மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பதிவு செய்தார்கள். நாள் முழுக்க நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் நடக்கும் வேகமே தளர்ந்திருந்தது. வேலையில்லாதவர்களுக்குக் குறைந்த சந்தாவில் கிடைத்த செய்தித்தாளைக்கூடப் பலர் நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்தபோது திடுக்கிட்டேன். வேலை போன பின் ஆறு வாரம் உங்கள் பத்திரிகையை நான் பிரிக்கவே இல்லை. காசு மிச்சம் பிடிக்க என்றுதான் மனைவியிடம் சொன்னேன். உண்மையில் படிக்க மனமே வரவில்லை.

இதெல்லாம் பொருளாதாரச் சரிவில் தவிர்க்க முடியாதது என்று சொல்கிறவர்கள் ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். 2009-ல் அந்த நாட்டின் உற்பத்தி 5 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஆனால் வேலையில்லாதோர் எண்ணிக்கை சற்றுத்தான் ஏறியது. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் விகிதம் 10 சதவீதத்தைத் தொட்டது. ஜெர்மனியில் நெடுங்காலமாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆர்டர் குறைந்தால் நிறுவனம் ஆளை அனுப்பாமல் நேரத்தைக் குறைக்கும். வெட்டப்பட்ட நேரத்துக்கான நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை, குழந்தை உள்ளவர்களுக்கு 67 சதவீதத்தை, தொழிலாளர் காப்பீட்டு நிதியிலிருந்து கொடுப்பார்கள். 2020 ஊரடங்கின்போது ஒரு கட்டத்தில் சுமார் 60 லட்சம் பேர் இந்த ஏற்பாட்டில் இருந்தார்கள். ஆர்டர் திரும்பியபோது மெஷினும் இருந்தது, அதை ஓட்டத் தெரிந்தவரும் இருந்தார்.

எங்களிடம் நடந்தது என்ன? நான் ஓட்டிய லேத்தை விற்றுவிட்டதாகப் போன வாரம் கேள்விப்பட்டேன். அந்த மெஷினில் வெப்பம் ஏறினால் அளவு எவ்வளவு தள்ளும் என்பது எனக்கும் இன்னும் இரண்டு பேருக்கும்தான் தெரியும். அது எந்த ஏட்டிலும் எழுதியிருக்கவில்லை. நாளைக்கே ஆர்டர் வந்தாலும் ஆள் எடுத்து, பழக்கி, கழிவு குறைய எத்தனை மாதம் ஆகுமோ!

செத்துக்கொண்டிருக்கும் தொழிலுக்குக் காசு கொட்டுவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாத் தொழிலையும் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. காலக்கெடு வைத்துக் கொடுக்கட்டும், அந்தக் குறைந்த நேரத்தில் வேறு தொழில் கற்றுக்கொடுக்கட்டும். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: ஜெர்மனியிலும் 2009-ல் முதலில் வீட்டுக்குப் போனவர்கள் ஏஜென்சி மூலம் வந்த தற்காலிகத் தொழிலாளர்கள்தான். எங்கள் கான்ட்ராக்ட் பையன்களைப் போல. அவர்களையும் சேர்க்காத எந்தத் திட்டமும் பாதித் திட்டம்தான்.

நம் அரசியலில் இதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆளுங்கட்சி வளர்ச்சி விகிதத்தைச் சொல்கிறது. எதிர்க்கட்சி ஆளுங்கட்சியைத் திட்டுகிறது. மற்ற நேரத்தில் இரண்டு பக்கமும் வெளியாட்களைக் கைகாட்டுகின்றன. எங்கள் ஷிப்டிலும் அந்தப் பேச்சு வந்தது. வெளியிலிருந்து குறைந்த கூலிக்கு வந்தவர்களால்தான் நம் பிழைப்பு போகிறது என்று நண்பர்கள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். வெளியிலிருந்து வந்தவர்கள் அந்த கான்ட்ராக்ட் பையன்கள்தான். எங்களுக்கு மூன்று மாதம் முன்பே அவர்களை அனுப்பிவிட்டார்கள். அவர்களைப் பற்றி அப்படிப் பேசியதற்கு இன்று வருத்தப்படுகிறேன்.

இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஜெர்மனியே சாட்சி. 1928 தேர்தலில் 3 சதவீத வாக்குகூட வாங்காத நாஜிக் கட்சி, 1932 ஜூலையில் 37 சதவீதம் வாங்கியது. 1932 தொடக்கத்தில் அங்கே வேலையில்லாதோர் 60 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். அப்போது ஆட்சித் தலைவராக இருந்த புரூனிங்கின் அரசோ சம்பளத்தையும் உதவித்தொகையையும் வெட்டிக்கொண்டிருந்தது. வேலை போனவர்கள் அதிகமாகக் கம்யூனிஸ்டுகள் பக்கம் போனார்கள் என்றும், நாஜிகள் பக்கம் சாய்ந்தவர்களில் தங்கள் பிழைப்பும் போய்விடுமோ என்று பயந்தவர்கள் நிறைய என்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயத்தை எங்கள் தொழிற்சாலை வாசலில் நான் கண்ணால் பார்த்தேன். உள்ளே போக அனுமதி கிடைத்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். விளக்கு பச்சையாக எரிந்திருந்தால் நானும் அப்படித்தான் போயிருப்பேன்.

உங்களிடம் எனக்கு இரண்டு கோரிக்கைகள் உண்டு. பங்குச்சந்தைக் குறியீட்டுக்குத் தினமும் ஒரு கட்டம் ஒதுக்குகிறீர்கள். அதன் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது, வேலை நேரம் குறைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், தேடுவதை நிறுத்தியவர்கள் எத்தனை பேர், ஆட்குறைப்பில் போனவர்கள் எத்தனை பேர் என்று போடுங்கள். அரசு அந்த எண்களைத் தரவில்லை என்றால், தரவில்லை என்பதையே அந்தக் கட்டத்தில் அச்சிடுங்கள்.

அடுத்தது, தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் பேட்டி எடுக்கிறீர்கள். எத்தனை லட்சம் வேலை உருவாக்குவீர்கள் என்றுதான் எப்போதும் கேட்கிறீர்கள், அவர்களும் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறார்கள். இந்த முறை, ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் நின்றுபோன மாதத்திலேயே அங்குள்ளவர்களுக்கு உங்கள் அரசு என்ன செய்யும் என்று கேளுங்கள். பதிலை அப்படியே வெளியிடுங்கள். நான் மறுபடியும் பத்திரிகை வாங்க ஆரம்பித்துவிட்டேன்.

இப்படிக்கு,
வேலை இழந்த ஒரு லேத் தொழிலாளி