உமிக்கரி நிறத்தைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

உமி, வாழைத்தண்டு, தேங்காய் நார்க்கழிவு இவற்றைக் கொண்டே சாயநீரைத் தெளிய வைக்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் எந்தச் சாயத்துக்கு என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

திருப்பூரில் பருத்தி சாயத்தைப் பிடிக்க மூட்டை மூட்டையாக உப்புப் போடுகிறார்கள். உமிக்கரி நிறத்தைத்தான் எடுக்கும், கரைந்த உப்பு அப்படியே நிற்கும். தெளிந்த தண்ணீர்தானே என்று பாய்ச்சினால் பயிர் கருகிவிடும். 1992-இல் நொய்யல் ஆற்றில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்க் குட்டையாகிப் போனதையும், 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் நாம் மறக்க முடியுமா? அந்த நொய்யல் வந்து சேருவது காவிரியில்தான்.

கும்பகோணம் அருகே எங்கள் திருபுவனம் பக்கம் நிலைமை வேறு. பட்டுக்குப் பெரும்பாலும் அமிலச் சாயம். கொதிக்கும் தொட்டியில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் விட்டால் நூல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவு உப்பு தேவையில்லை. அமிலத் தண்ணீரில் கரியும் இந்தச் சாயத்தை நன்றாக இழுக்கும். வெறும் உமி போதாது. உமியின் மேற்பரப்பிலும் இந்தச் சாயத்திலும் ஒரே மாதிரி எதிர்மின்சுமை (நெகட்டிவ்), ஒன்றையொன்று தள்ளிவிடும்.

நான் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். பக்கத்துப் பட்டறையில் அரக்கு நிறச் சாயத்தில் நூலை முக்கியெடுத்த தண்ணீரை வாளி வாளியாக வாங்கி வந்து கொல்லையில் சோதித்தேன். பழைய பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை, அதன்மேல் கூழாங்கல், அப்புறம் மணல், அதற்குமேல் ஒரு சாண் உமிக்கரி. அரிசி ஆலைச் சாம்பலில் வெளுத்ததை ஒதுக்கி, கறுப்பாய் இருந்ததை மட்டும் அலசிப் போட்டேன். முதல் குடம் வெளிர் ரோஜா நிறத்தில் இறங்கியபோது அவ்வளவு சந்தோஷம்! நான்காம் நாள் பட்டறைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊற்றிய சிவப்பு ஊற்றியபடியே வந்தது. கரி சாயத்தால் நிரம்பிவிட்டது, இனி அது எதையும் பிடிக்காது.

சரி, நிரம்பிய கரியை எங்கே கொட்டுவது? சில பட்டுச் சாயங்களில் குரோமியம் என்ற உலோகமும் உண்டு. வாய்க்கால் கரையில் கொட்டினால் முதல் மழைக்கே வயலுக்குப் போய்விடும். வாளி வைக்கச் சொல்வது எளிது, கரியை மாற்றுவதும் எடுத்துப் போவதும்தான் வேலை.

அதனால் கைத்தறித் துறைக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். வீட்டோடு பட்டறை வைத்திருப்பவர்களுக்குத் தெருவுக்கு ஒரு பொதுக் கரித்தொட்டி கட்டிக் கொடுங்கள். பழைய கரியைச் சேகரித்து முறையாக அப்புறப்படுத்த ஆள் நியமியுங்கள். வெளிவரும் தண்ணீரை மாதம் ஒருமுறை சோதித்து, முடிவைத் தொட்டியிலேயே ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
திருபுவனம் வாசகர் ஒருவர்