ஈரக் குப்பையைச் சலித்து என்ன பயன்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கின் பயோமைனிங் பணி, அதாவது பழைய குப்பையைத் தோண்டியெடுத்துச் சலித்துப் பிரிக்கும் பணி, குறித்த செய்தி கண்டேன். அகழ்ந்த அளவு இருந்தது. சலித்த பின் எது எங்கே போனது என்பது இல்லை. கேட்க வேண்டியதே அதுதான். பழைய குப்பையை 2 மீட்டருக்கு மிகாமல் வரிசையாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை புரட்டி, உலர்ந்த பிறகே சல்லடையில் இட வேண்டும். மழைக்காலத்தில் இந்த முறை குலைந்துவிடுகிறது. ஈரமண் சல்லடைக் கண்களை அடைக்கும். எரிபொருளாகப் போக வேண்டிய பிளாஸ்டிக்கில் அப்பிக்கொண்டு, எரிக்கும்போது மிஞ்சும் சாம்பல் அளவைக் கூட்டும். அப்படிப்பட்ட பிளாஸ்டிக்கை, அதை எரிபொருளாக வாங்கும் சிமென்ட் ஆலைகள் ஏற்பதில்லை. லாரி வாடகைதான் தண்டம். களத்தில் இதைக் கண்டறியக் கருவிகூட வேண்டாம்: கைப்பிடி மண்ணை இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் சலிக்கக் கூடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை திறந்தவெளியில் சலிப்பதை நிறுத்தி, குவியல்களைத் தார்ப்பாயால் மூடி வைக்கலாம். ஒப்பந்ததாரருக்கான தொகையையும், எடைமேடையில் பதிவாகி, பெற்றுக்கொண்ட ஆலையின் ரசீதுடன் வெளியேறிய சரக்குக்கு மட்டுமே மாநகராட்சி வழங்க வேண்டும்.

– ஒரு வாசகர், வியாசர்பாடி, சென்னை