சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகியின் நன்றி மடல்

இந்த வருடம் எனக்குப் புத்தகம் தந்தவர்கள், வாசித்துக் காட்டியவர்கள், விளக்கம் சொன்னவர்கள், கண்ணைத் திருத்தித் தந்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொல்லியிருக்கலாம். சிலரிடம் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் உங்களில் பலருக்கு மற்றவர்களைத் தெரியாது. ஒருவர் செய்த உதவிதான் அடுத்தவரிடம் என்னைக் கொண்டுபோய் விட்டது என்பதும் தெரியாது. அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் வீட்டோடு தையல் செய்பவள். சின்ன வயதிலிருந்தே வாசிப்புப் பழக்கம் உண்டு. ஆனால் கையில் கிடைத்ததெல்லாம் தமிழ்நாட்டுத் தொடர்கதைகளும் நாவல்களும்தான். மதுரைத் தெருக்களும் தஞ்சாவூர் வாய்க்கால்களும் எனக்கு மனப்பாடம். அளவெட்டி, ஏழாலை, சிறுப்பிட்டி, குரும்பசிட்டி எல்லாம் பிளவுஸ் தைக்கத் தருபவர்களின் ஊர்கள். அங்கே யார் என்ன எழுதினார்கள் என்று நான் கேட்டதில்லை. ஆகவே போன தைப்பொங்கல் முடிந்த கையோடு ஒரு முடிவெடுத்தேன்: சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில் பிறந்தவர்கள், வாழ்ந்தவர்கள் எழுதியதையே இந்த வருடம் வாசிப்பது.

முதல் நன்றி சுன்னாகம் பொது நூலகத்தில் வேலை செய்யும் தங்கச்சிமாருக்கு. நான் கேட்ட பெயர்களில் பாதி அவர்களுக்கும் புதிது. இருந்தும் ஒரு நாளாவது முகம் சுளிக்கவில்லை. கீழ்த்தட்டில் அடுக்கிக் கிடந்த பழைய இதழ்களைத் தூசி தட்டி எடுத்துத் தந்தார்கள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புத்தக விலை என்னைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. நூலகம் இல்லையென்றால் இந்த வருடமே இல்லை.

பங்குனியில் வலது கண் மங்கத் தொடங்கியது. ஊசிக் காது தெரியவில்லை. பிறகு எழுத்தும் தெரியவில்லை. புரை முற்றிவிட்டது என்றார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் வில்லை வைத்து எனக்குப் பார்வையைத் திருப்பித் தந்த வைத்தியருக்கும், பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்தபோது "ஒண்டுமில்லை அம்மா, பத்து மணிக்கு நீங்கள் தேத்தண்ணி குடிப்பியள்" என்று கையைப் பிடித்துச் சொன்ன தாதி மிஸ்ஸிக்கும் என் நன்றி. சொன்னபடியே பத்து மணிக்குத் தேத்தண்ணி குடித்தேன்.

அதற்குப் பிறகுதான் என்னுடைய வாசிப்பின் நல்ல காலம் தொடங்கியது. குனியக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, கொஞ்சக் காலம் வாசிக்கவும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்னிடம் தையல் பழக வரும் பிள்ளைகள் மூன்று பேர். மெஷினில் இருவர் இருப்பார்கள், ஒருத்தி வாசிப்பாள், பிறகு முறை மாறுவார்கள். தொடக்கத்தில் எனக்காக வாசித்தார்கள். ஒரு கிழமை போனபின், விட்ட இடம் எங்கே என்று அவர்களே சண்டை பிடிக்கத் தொடங்கினார்கள்.

நான் தனியே வாசித்திருந்தால் கவனிக்காமலே போயிருக்கக்கூடியதை எல்லாம் அந்தப் பிள்ளைகள் நிறுத்திக் கேட்டார்கள். அளவெட்டியில் 1927இல் பிறந்த, 'மஹாகவி' என்ற பெயரில் எழுதிய கவிஞர் உருத்திரமூர்த்தியின் 'தேரும் திங்களும்' கவிதையை நடுவிலாள் வாசித்துக்கொண்டிருந்தாள். தேர்த் திருவிழா. ஊரே வடம் பிடிக்கிறது. தானும் ஒரு கை கொடுக்கலாம் என்று ஒருவன் வருகிறான். சாதியைச் சொல்லி அவனை மறிக்கிறார்கள், கல்லெறிகிறார்கள், அடிக்கிறார்கள். தேர் அப்படியே நின்றுவிடுகிறது. நேற்று முன்தினம் நிலவைத் தொட்டு வந்த மனிதனின் சுற்றத்தான் இன்று மண்ணில் கிடக்கிறான் என்று கவிதை சொல்கிறது. மனிதன் நிலவில் கால் வைத்தது 1969இல். மஹாகவி காலமானது 1971இல். இரண்டே வருட இடைவெளி. வாசித்து முடித்ததும் இரண்டு மெஷினும் நின்றுவிட்டன. "அன்ரி, இது எந்தக் கோயில்?" என்று கேட்டாள் சின்னவள்.

கவிதையில் கோயிலின் பெயர் இல்லை. ஆனால் அவளுக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சந்தைக்குப் பக்கத்தில் முன்பு வெற்றிலைக் கடை வைத்திருந்த ஐயாவிடம் போனேன்.

ஐயா, உங்களுக்கு எழுதும் இந்தப் பகுதிதான் எனக்கு மிக முக்கியம். 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் முற்றவெளியை நோக்கிப் புறப்பட்ட ஊர்வலத்தில், இருபது வயதுப் பொடியனாக நீங்கள் நடந்தீர்கள். பொலிஸ் அடித்ததையும், அடிக்குப் பிறகும் கூட்டம் கலையாமல் போனதையும் சொன்னீர்கள். இரண்டு வருடம் கழித்து மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போகவிடாமல் உங்கள் ஆட்கள் வாசலில் மறிக்கப்பட்டபோதும் அங்கே நின்றீர்கள். அந்த ஊர்வலம் போனது நான் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடக்கும் அதே வீதியில். எங்கள் வீட்டில் ஒருவரும் இதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு சாதிக் கொடுமையைப் பற்றிக் கே. டானியல் எழுதிய 'பஞ்சமர்' நாவலை எடுத்து வாசித்தோம். பிள்ளைகள் வாசிக்க, பின்னேரங்களில் நீங்களும் வந்து விறாந்தையில் கதிரை போட்டிருந்து கேட்டீர்கள். தேத்தண்ணிக் கடைக் காட்சிகள் வந்தபோது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னீர்கள். அன்று நீங்கள் சொன்னதைப் பெரியவள் தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்: "எங்களுக்குப் போத்தலிலதான் தருவினம், பிள்ளை. முதல் முதல் கிளாஸ் கேட்டு உள்ளுக்குப் போய் இருந்த அண்டைக்கு, தேத்தண்ணி வந்தது. ஆனா ஒருத்தரும் வாயில வைக்கேல்லை. ஆர் அடிக்க வருகினமோ எண்டு வாசலைப் பாத்துக்கொண்டே இருந்தனாங்கள். கடைசியில ஆறின தேத்தண்ணியத்தான் குடிச்சம்." நாவல் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. என் வீட்டு விறாந்தையில், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் மூவருக்கு முன்னால், அதைச் சொல்ல முன்வந்தது உங்கள் பெருந்தன்மை. அதற்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

இந்த இடத்தில் என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மேடைகளில் ஆறுமுக நாவலரையும் பழைய ஏடுகளை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையையும் பாராட்டாத பேச்சு கிடையாது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் 1986இல் தஞ்சாவூரில் காலமாகி அங்கேயே அடக்கம் செய்யப்பட்ட டானியலின் புத்தகம் ஒன்று எத்தனை சனசமூக நிலையங்களின் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது? கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கை நிலையத்துக்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். கரம்போர்ட் விளையாட வரும் தம்பிமார் அதைப் புரட்டுவதைப் பார்த்தேன். அலுமாரியைப் பூட்டாமல் வைத்திருக்கும் நிலையத் தலைவருக்கும் நன்றி.

சனிக்கிழமைகளில் வந்த தமிழ் சேருக்கு அடுத்து. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருக்கிறேன். அவருடைய பதிப்புரையை வாசிக்க வைத்தது சேர்தான். ஏட்டை எடுத்தால் ஓரம் உதிர்கிறது, கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது என்று அந்த மனிதர் படும் பாட்டைச் சேர் வரிவரியாக வாசித்து விளக்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், பெரிய உத்தியோகம் பார்த்தவர், செல்லரித்த ஓலையோடு மல்லுக்கட்டியிருக்கிறார். கலித்தொகைப் பாட்டுகள் எனக்கு முழுதாகப் பிடிபட்டன என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பதிப்புரை போதும், சேர்.

அதை வாசித்த கிழமைதான், பழைய சஞ்சிகைகளை மின்பிரதி எடுக்கும் தம்பி ஒருவர் துணி தைக்கக் கொடுக்க வந்தார். நூலக நிறுவனம் 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்து வைத்திருப்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும். பழைய இதழ்களில் ஸ்டேப்பிள் கம்பி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டிவிடுமாம். ஒவ்வொன்றாக மெல்லக் கழற்ற வேண்டுமாம். கொப்பித் தாளில் அச்சான தொண்ணூறுகளின் பத்திரிகைகள் இன்னும் மோசமாம். தொட்டாலே நொறுங்குமாம். தாமோதரம்பிள்ளை சொன்னதைத்தான் அந்தத் தம்பியும் சொன்னார், இரண்டையும் ஒரே கிழமையில் கேட்டேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்கள் எரிந்தன. அதைக் கண்டு வளர்ந்த என் வயதுக்காரருக்கு, இருபத்தைந்து வயதுப் பிள்ளை ஒன்று சம்பளமில்லாமல் துரு கழற்றுவதைக் கேட்கும்போது வரும் நிம்மதியைச் சொல்ல எனக்குச் சொற்கள் போதாது.

அவர் என் மருமகனின் டெப்லட்டில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கச் சொல்லித் தந்தார். அப்படித்தான் 'மல்லிகை' என்ற இலக்கியச் சஞ்சிகையின் பழைய இதழ்களைப் படித்தேன். டொமினிக் ஜீவா அதைத் தொடங்கியது 1966இல், சுன்னாகத்திலிருந்து அந்த ஊர்வலம் போன அதே வருடம். யாழ்ப்பாண நகரத்துச் சலூன் ஒன்றில் முடி வெட்டிய கையாலேயே கதையும் எழுதி, இதழும் நடத்தி, தெருத்தெருவாக விற்றும் வந்தவர் அவர். கத்திரிக்கோலோடு வாழ்நாளைக் கழிக்கும் எனக்கு அதை அறிந்தபோது தலை நிமிர்ந்தது.

குரும்பசிட்டி அக்காவை மறக்கவில்லை. 1990இல் ஊரை விட்டுப் போனவர், எத்தனையோ முகவரி மாறி, பல வருடம் கழித்துத் திரும்பியவர். அத்தனை இடப்பெயர்விலும் தகப்பனாரின் தகரப்பெட்டியை விடவில்லை. அவரது ஊர்க்காரரான பொன்னையா 1930இல் தொடங்கி, 1958 வரை வந்த 'ஈழகேசரி' பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டிய சிறுகதைகள் அந்தப் பெட்டிக்குள் ஒரு கணக்குக் கொப்பியில் இருந்தன. அதில்தான் ஏழாலைச் சிறுகதை எழுத்தாளர் இலங்கையர்கோனை முதன்முதலில் வாசித்தேன். கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோகத் தரமாட்டேன் என்றார் அக்கா. நியாயம்தான். அவர் வீட்டு மாமரத்தின் கீழ் இருந்து வாசித்தேன். மத்தியானச் சாப்பாடும் தந்தார். முருங்கையிலைச் சொதி.

ஸ்கார்பரோவிலிருந்து புத்தகக் காசு அனுப்பிய மச்சாளுக்கும், தீபாவளி நெருக்கடியில் உடுப்புப் பிந்தியபோது பொறுத்துக்கொண்ட வாடிக்கையாளர்களுக்கும், இரவு லைட் எரிகிறது என்று ஒரு நாளும் குறை சொல்லாத என் அவருக்கும் நன்றி.

இனி ஒரு வேண்டுகோள். வருகிற வருடம் தீவுப்பகுதி. புங்குடுதீவு மு. தளையசிங்கத்தின் எழுத்துகளைத் தமிழ் சேர் தருவதாகச் சொல்லிவிட்டார். செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவல்தான் கைக்கு வரவில்லை. 1978இல் வந்த படத்தைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், நெடுந்தீவுக் கடற்கரைக் கதை என்று சொல்கிறீர்கள், ஆனால் புத்தகம் ஒருவரிடமும் இல்லை. யாரிடமாவது பழைய பிரதி இருந்தால் தாருங்கள். மட்டை கழன்றிருந்தாலும் பரவாயில்லை, பிள்ளைகள் நன்றாகத் தைத்துத் தருவார்கள். பிரவுண் பேப்பர் உறை போட்டு, மாசி முடிய முன் கொண்டுவந்து தருவேன்.

அன்புடன்,
சுன்னாகத்திலிருந்து ஒரு தையல்காரி